மூடிய கைக்குள்

மெல்பேர்ன்,
ஞாயிறு காலை

அன்புள்ள நெரிடாவுக்கு,

யூனா எழுதுகிறேன். உன் மேட்டில் காட்டுத்தீயில் கரிந்து நின்ற மரங்கள் அடித்தண்டிலிருந்தே தளிர் விட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து என் கனவில் அந்த மரங்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கின்றன. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

சுற்றி வளைக்கிறேன் என்று நீ திட்டுவதற்குள் விஷயத்துக்கு வருகிறேன். கிளைவின் உடலை எங்கள் பிணவறையில்தான் பரிசோதித்தார்கள். உன் கணவன் எனக்கும் வேண்டியவன், அதனால் நான் கத்தியைத் தொடவில்லை. வேறொரு டாக்டர் செய்தார். முடிவை உன்னிடம் சொல்லும் பொறுப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தன் தம்பி ராய்ஸின் கொட்டகையருகே, முஷ்டியை உயர்த்தியபடி கிடந்தான் கிளைவ். மண்டையில் விரிசல். அணைத் தண்ணீருக்காக இருவரும் முறைத்துக்கொண்டது ஊரறிந்த கதை. ராய்ஸ்தான் அடித்துப் போட்டான், தீ வந்து மறைத்துவிட்டது என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. நீயும் நம்பினாய். உன்னைக் குறை சொல்லவில்லை.

சூட்டில் தசை சுருங்கும், நெரிடா. தூக்கத்தில் இறந்தவர் கையும் தீயில் அப்படித்தான் மடங்கி எழும். விரிசலும் சூட்டினால் வந்ததே. அடிபட்ட காயம் எங்கும் இல்லை. மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்தது. தீ வரும்போது அவனுக்கு மூச்சு இருந்தது. இதை மறைக்க ஆசைப்பட்டேன், முடியவில்லை. ஆனால் அவன் ரத்தமெல்லாம் புகை. புகை முதலில் தூக்கத்தைத்தான் தரும். தீ தொடுமுன் அவன் தூங்கிவிட்டான் என்றே நம்புகிறோம்.

இறுக மூடிய கைக்குள் தீ எளிதில் புகாது. டாக்டர் விரல்களைப் பிரித்தபோது உள்ளங்கை அப்படியே இருந்தது. அதில் ஒரு தோல் பட்டைத் துண்டு, டஃபி என்று பெயர் பொறித்த தகட்டோடு. தீ அணைந்த பிறகு ராய்ஸின் அந்தக் கிழட்டு நாய் கழுத்துப்பட்டை இல்லாமல் ஓடைக்கரையில் நின்றதே, யார் அவிழ்த்துவிட்டது என்று எல்லாரும் கேட்டார்களே. பேச்சுவார்த்தை இல்லாத தம்பியின் நாயை அவிழ்க்கப் போயிருக்கிறான் உன் மடையன். எழுதும்போதே அழுகை வருகிறது.

பரிசோதனைக்கு முன் ராய்ஸ் இங்கே வந்திருந்தான். தொப்பியைப் பிசைந்தபடி ஒன்றே சொன்னான்: "நான் சொன்னா எவன் நம்புவான், யூனா? நீ அண்ணன்கிட்டயே கேட்டுச் சொல்லு."

கேட்டுவிட்டேன். ராய்ஸுக்கு இன்னும் தெரியாது. அவனுக்கு நீ சொல்வதுதான் முறை. டஃபி தினமும் உன் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறது என்றாயே. அடுத்த முறை கதவைத் திற. வேலிக்கு அப்பால் தயங்கி நிற்பவனையும் உள்ளே கூப்பிடு.

உன் மேட்டில் நல்ல மழை பெய்யட்டும்.

உன்
யூனா