கொக்கிளாய்க்குப் போன வான்

16.04.1980, ஸ்கந்தபுரம்
நாளைக் காலை பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் அண்ணையின் வான் வண்டியில் புறப்படுகிறோம். பின் சீற்றுகளைக் கழற்றி மெத்தை போட்டிருக்கிறார். நானும் என் மனுசனும், அண்ணையும் அவர் மனைவி கமலாசனியும். வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, ஊர் ஊராய்ச் சமைத்துத் தின்று, வானிலேயே படுத்தெழும்பிக் கொக்கிளாய் வரை போவது அவருடைய யோசனை. "அந்தந்த ஊர்ச் சாப்பாடு, அந்தந்த ஊர்க் கள்ளு" என்றார். கள்ளு என்றதும் நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

இவர் குடியை விட்டது போன ஆடியில். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். இனி ஒரு சொட்டு வாயில் பட்டாலும் புலோலிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நானும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்குள் வரும்போதெல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறார், கள்ளு மணக்கிறதோ என்று நான் மணந்து பார்க்கிறேன்.

17.04, ஒட்டுசுட்டான்
காட்டுப்பன்றிக் கறியும் புட்டும். இவர் நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை. அண்ணை ஓலைப் பிளாவில் கள்ளை உறிஞ்சும்போதெல்லாம் இவருடைய கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண் றோட்டைப் பார்த்தது. அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

18.04, தண்ணீரூற்று
குளிக்கப் போனவர் வரச் சுணங்கிவிட்டது. கிட்டப் போய் மணந்தேன். கமலாசனி கண்டுவிட்டாள்.

"விமலேஸ், மனுசன் மூச்சு விடவும் உம்மட்டைக் கேக்க வேணுமே?"

வெட்கமாகப் போய்விட்டது. கோபமும்தான். அவளுக்கென்ன! அவளுடைய மனுசன் குடித்தால் பாட்டுப் பாடுவார். என்னுடையவர் குசினிச் சட்டி பானையை உடைப்பார்.

19.04, காலை
இவர் மனம் குளிரட்டும் என்று, கள்ளுச் சீவுகிற ராசுவிடம் கருப்பநீர் வாங்கினேன். சுண்ணாம்பு பூசின முட்டியில் இறக்கிய பனஞ்சாறு, இனிக்கும், வெறிக்காது. ஊற்றிவைக்கப் போத்தல் இல்லை. அண்ணை நேற்றுக் கள்ளு வாங்கிய பிளாஸ்டிக் கானை அவசரத்தில் ஒருதரம் அலசி, அதில் ஊற்றினேன்.

அன்று பின்னேரம், கொக்கிளாய்
நண்டுக் கறி, சுட்ட மீன், களப்புக் காற்று — எல்லாம் இருந்தது. கருப்பநீரை நானே பிளாவில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு வாயில் வைத்தார். சட்டென்று எழும்பிப் பிளாவோடு கரைப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது — கள்ளு மணம்!

"சத்தியம் என்னத்துக்குப் பண்ணினீங்கள்? நாளைக்கே என்னைப் புலோலிக்கு பஸ் ஏத்தி விடுங்கோ!"

கத்தினேன். வலை காயப்போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் வெறும் பிளாவை மணலில் கவிழ்த்து வைத்தார்.

கமலாசனிதான் கானின் மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று நுரை தள்ளியது.

"இது புளிச்சுக் கள்ளாப் போச்சு. கானை வடிவாக் கழுவினனீரே?"

நாள் முழுக்க வெயிலில் வான். அடியில் பழைய கள்ளின் மண்டி. ஊற்றிக் கொடுத்தது என் கை.

"துப்பிப்போட்டு உப்புத் தண்ணியில கொப்பளிச்சனான்" என்றார் இவர், அண்ணையைப் பார்த்து.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நம்பியிருப்பீரோ?"

நான் கானைக் கவிழ்த்து மண்ணில் ஊற்றினேன்.

20.04
வரும் வழியெல்லாம் இவர் முன் சீற்றில். நான் பின்னால் மெத்தையில்.

03.05
இன்றைக்கும் இவரிடமிருந்து தேவையானதற்கு மட்டும் ஒரு சொல். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறக்கிறேன். "உப்புப் போதுமே?" என்றுதான் வெளியே வருகிறது. என்ன பிறவியோ நான்.

25.05
கனகலிங்கம் அண்ணை வானோடு வந்து நின்றார். முல்லைத்தீவுப் பக்கம் இறால் படுகிறதாம், இரண்டு நாள் போய்வரலாமாம்.

"எனக்கு ஏலாது" என்றார் இவர், என்னைப் பார்த்தபடி.

"போயிட்டு வாங்கோ" என்றேன்.

"நீரும் வாருமன்."

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

சாரத்தையும் துவாயையும் மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். வான் மறையும்வரை படலையில் நின்றேன், இல்லையென்று எழுதமாட்டேன்.

27.05
பின்னேரம் வந்திறங்கினார், ஓலைப்பெட்டி நிறைய இறாலோடு. உள்ளே வந்ததும் வழக்கம்போல வாயைத் திறந்து என் பக்கம் குனிந்தார். நான் மணந்து பார்க்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

இவரும் பின்னால் வந்து அடுப்படியில் குந்தி, இறாலை உரித்து உரித்துப் போட்டபடி, போன இடமெல்லாம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.