அந்த வரியை மாற்றியது நான்

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வக நிரலைச் சுத்தம் செய்தேன். பொது மாறிகளை அறிவிக்க இன்னும் use vars என்ற பழைய பாணிதான் இருந்தது. எடுத்துவிட்டு our என்று போட்டேன். பெர்ல் மொழியில் இப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மேலே ஒரு குறிப்பு: “ஆய்வகக் கணினி பழசு, இதை மாற்ற வேண்டாம்.” அக்கா எப்போதோ எழுதியது. எங்கள் கணினிப் பிரிவில் மூத்தவர், எல்லாருக்கும் அக்கா. அந்தக் கணினியையெல்லாம் இந்நேரம் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று குறிப்பையும் அழித்தேன்.

மார்ச் 6, வியாழன்

தூக்கிப் போடவில்லை.

காலையில் மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து போன். ரத்தக் குழாய்களுக்கு லேபிள் அடிக்கும் நிரல் ஓட மறுக்கிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். our என்ற சொல்லே தெரியாத காலத்துப் பெர்ல், என் வரியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய வரியைத் திரும்பப் போட்டேன், ஓடியது. அதற்குள் மூன்று மணி நேரம் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். “ரெண்டு குழாய் மாறிப்போச்சுங்க. ஒரு பெரியவருக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிடுச்சு” என்றார் ஆய்வகக்காரர். அந்தப் பெரியவர் வெளியே பெஞ்சில், கையில் பஞ்சை அழுத்தியபடி. நிமிர்ந்து பார்க்காமல் கடந்து வந்தேன்.

கோப்பின் தலையில் அக்காவின் பெயர். யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவெல்லாம் எங்களிடம் கிடையாது. மேலாளர் அவரிடம், “இத்தனை வருஷ அனுபவம், நீங்களே இப்படிப் பண்ணலாமா?” என்றார். என் பக்கம் திரும்பி, “நல்லவேளை, நீ இருந்தே” என்றார்.

தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

நாளைக்குச் சொல்லலாம் என்று நேற்றும் நினைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

அக்கா மெதுவாக என்னிடம் கேட்டார்: “அங்க நான் ஒரு குறிப்பு எழுதி வச்சதா ஞாபகம்டி. நீ பாத்தியா?”

“இல்லக்கா.”

எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்!

“அப்ப எழுதலபோல. இப்பல்லாம் என் தலையையே நம்ப முடியல. நாளன்னைக்கு டாக்டர்ட்ட போறேன்” என்றார். அவர் அம்மாவுக்கு மறதி நோய் இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும்... சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 11, செவ்வாய்

மேலாளர் அறைக்கு அக்காவையும் கூட்டிப்போனேன். “வரிய மாத்துனது நான். குறிப்ப அழிச்சதும் நான்தான்.” மேலாளர் கத்தினார். அது காதில் விழவே இல்லை. அக்கா மட்டும் தாழ்ந்த குரலில், “அப்ப நான் எழுதியிருந்தேன்” என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் 24, திங்கள்

அக்கா திருத்திய கோப்பின் அச்சுப் பிரதியை என் மேசையில் வைத்தார். “இத நீங்க ஒருதரம் பாத்துடுங்க” என்றார்.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, நீங்க.