குனிவாசலின் மேற்கல்

நலம் பெருகுக. கடல் தன் எல்லையில் நிற்க. இரட்டைத் துடுப்புக் கொடி நாற்பது துறைகளிலும் தாழாது பறக்க.

மாடவெளி அரண்மனையில் வீற்றிருந்து முந்நீர்க்கோட்டம் முழுவதையும் ஆண்டருளும் நெடுங்கல வேந்தர் பூதன் எயினனார் திருமுன்பு, கரும்பாறைத்துறையின் அதிகாரியாகப் பதினோராண்டு ஊழியம் செய்துவரும் ஏனாதி நக்கன் காரி நிலத்தில் நெற்றி பட வணங்கி எழுதும் ஓலை. தேவரீரும் தேவியாரும் அவையோரும் அங்கு நலமே இருக்க வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதுவதே முறை என்பதை அறியாதவன் அல்லேன். இன்று எழுத்தாணி அதற்கு இணங்கவில்லை. இங்கு நலமில்லை.

கேட்பது பெரிதொன்றும் அன்று, ஒரு வாசல். இத்துறையில் அரசுக்குரிய கல்வீடுகள் ஒன்பது. மற்றவை யாவும் ஓலைக் குடில்கள். ஒன்பதில் மேலைத்தெருக் கடைசி வீட்டில் மருத்துவச்சி சேந்தி என்பவள், ஊராருக்கு மருந்து கொடுக்கும் ஊழியத்தையே வீட்டுக்கு ஈடாகச் செலுத்திக் குடியிருக்கிறாள். அவ்வீட்டின் வாசலை உயர்த்தி அகலமாக்கித் தர வேண்டும் என்பதே அவளுடைய விண்ணப்பம்.

அரச வீடுகளின் வாசல் எப்படிப்பட்டது என்பது தேவரீர் அறிந்ததே. தங்கள் பாட்டனார் இத்துறையை வென்றபோது, ஒவ்வொரு கல்வீட்டு வாசலின் மேற்கல்லிலும் இரட்டைத் துடுப்பு இலச்சினையைச் செதுக்குவித்து, உள்ளே போகிறவர் எவராயினும் அதற்குத் தலைவணங்கியே போக வேண்டும் என்று, கல்லை மூன்றேகால் முழ உயரத்தில் வைத்தார். அகலம் ஒன்றரை முழம். வீட்டுக்கு இரண்டாம் வாசல் கூடாது. கல்லை அசைப்பவன் கை அரசுக்குரியது. இவ்வூரார் இதைக் குனிவாசல் என்பார்கள். அதில் குறை சொன்னவரை இதுவரை நான் கண்டதில்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி சேந்தி. இரண்டாண்டுக்கு முன்பு, நிறைமாதப் பெண்கள் இந்த வாசலில் நுழையப் படும் பாட்டைச் சொல்லி முதன்முறை விண்ணப்பித்தாள். குடியிருப்பவள் இருக்கிற வீட்டில் இருக்க வேண்டுமேயன்றி வீட்டைத் தன் வசதிக்குத் திருத்தக் கேட்பது வழக்கமன்று என்று நானே தீர்ப்பெழுதித் திருப்பினேன். எழுதி முடித்து, நல்ல வாக்கியம் என்று ஒரு முறை வாய்விட்டும் படித்துக்கொண்டேன். அந்தக் கர்வத்தை இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று என் மனையாள் வெண்ணி பக்கத்தில் இருந்தாள். நான் குட்டையன், அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். எங்கள் வீட்டுக்கும் அதே வாசல்தான். நான் தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே போதும். அவளோ இடுப்பை ஒடிக்க வேண்டும். மறந்து நிமிர்ந்து இடித்துக்கொண்ட தழும்பு அவள் நெற்றியில் நிலையாகவே இருக்கிறது. என் தீர்ப்பைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவையோர் பொறுத்தருள்க: “உங்களுக்கு என்ன, அந்தக் கல்லு உங்க உசரத்துக்கு அளவெடுத்தே வச்ச மாதிரி இருக்கு.” நானும் சிரித்தேன். விஷயம் அத்தோடு போயிற்று.

இனி வந்த கேட்டைச் சொல்கிறேன். இன்றைக்கு இருபது நாளுக்கு முன் அடித்த புயலில் இத்துறையின் படகுகளில் பாதி சிதறின. கரையெங்கும் மரச்சில்லும் ஆணியும். அவற்றில் காயம்பட்டவர்களுக்கு ஐந்தாம் நாள் முதல் ஒரு நோய் கண்டது. முதலில் வாய் பூட்டிக்கொள்கிறது. பிறகு கழுத்து, முதுகு, கால் எல்லாம் பலகைபோல் விறைத்துவிடுகின்றன. வெயில் பட்டாலோ, இரைச்சல் கேட்டாலோ, கட்டில் ஒரு விரற்கடை சாய்ந்தாலோ உடம்பு பின்புறமாக வில்லாக வளைந்து மூச்சு நின்றுபோகிறது. இருளும் அமைதியும் உள்ள இடத்தில் அசையாமல் கிடத்தி, பல்லிடுக்கில் சொட்டுச் சொட்டாகக் கஷாயம் விட்டால் பாதிப்பேரைக் காக்கலாம் என்கிறாள் சேந்தி. கடலிரைச்சலும் வெயிலும் ஓலைக்குடிலுக்குள் தாராளமாக வரும். அவை வராத இடம் அவளுடைய கல்வீடு ஒன்றுதான். ஒன்பது வீட்டிலும் அதற்கே சுவர் கனம், பின்புறம் கோட்டை மதில். ஆனால் இரண்டு முழ அகலக் கட்டில் ஒன்றரை முழ வாசலில் போகாது. கட்டிலிலிருந்து எடுத்தால் உயிர் போகிறது.

எட்டாம் நாள் சேந்தியின் இரண்டாம் விண்ணப்பத்தை, என் பரிந்துரையும் சேர்த்து, ஓட்டன் கையில் அனுப்பினேன். போக நான்கு நாள், வர நான்கு நாள், அவையில் ஒரு நாள். பதினேழாம் நாள் மறுமொழி வந்தது. நோயாளிகள் எத்தரத்தார், அவர்களால் குனிய இயலாதது நிலையாகவா சில நாளைக்கா, இலச்சினைக்கு அவர்கள் வேறு எவ்வகையில் வணக்கம் செலுத்த எண்ணுகிறார்கள் என்று மூன்று கேள்விகளை அவையோர் கேட்டிருந்தனர். அதைப் படித்துச் சேந்தியிடம் சொல்லும் முகம் எனக்கு இல்லை. அதற்குள் நால்வர் போய்விட்டனர்.

ஐந்தாமவன் தச்சன் ஏறன். வேறு வழியின்றி அவனைக் கட்டிலிலிருந்து எடுத்து, பலகையில் கிடத்தி, கை மாற்றிக் கை மாற்றி உள்ளே கொடுக்கப் பார்த்தோம். வளைந்த முதுகு பலகையில் படியவில்லை. வாசல் நடுவில் முழங்கை நிலைக்கல்லில் இடித்தது. அவ்வளவுதான். இலச்சினைக்கு நேர் கீழே, எங்கள் கைகளில், அவன் மூச்சு நின்றது. அவையோரின் இரண்டாம் கேள்விக்கு விடை வேண்டுமானால், அவன் இனி நிலையாகவே குனியமாட்டான்.

மறுநாள் சேந்தி மூன்றாம் முறையாக என் முன் வந்து நின்றாள். அழவில்லை, கும்பிடவுமில்லை. “ஐயா, குனிஞ்சு வரத் தெம்பிருக்கிறவங்க எங்கிட்ட வைத்தியத்துக்கு வரமாட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மீண்டும் எழுதிக் கேட்கிறேன் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எழுதவுமில்லை, தைரியம் வரவுமில்லை.

இப்போது எழுதுகிறேன். ஏன் என்பதை மறைக்கமாட்டேன். புயலின் எட்டாம் நாள், குடில் குடிலாகக் கஞ்சி கொண்டு போன வெண்ணியின் காலில் ஒரு படகாணி ஏறியது. ஆணிதானே என்றாள். நேற்று விடியலில் அவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது. இன்று கழுத்தும் விறைத்துவிட்டது. சேந்தி வீட்டு வாசலில், தெருவோரம், பாய்த்துணி கட்டிய நிழலில் நான்காம் கட்டிலாகக் கிடக்கிறாள். முன்னால் மூன்று கட்டில்கள். கண் மட்டும் என்னைத் தொடர்கிறது.

தன் உறவினர் காரியத்தில் அதிகாரி தீர்ப்புச் சொல்லலாகாது என்பதும் தங்கள் பாட்டனார் வைத்த முறையே. ஐவருக்காக நான் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதே நோய் என் வீட்டில் வந்து விழுந்த பிறகு, சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆகவே தேவரீர் திருவடியைப் பற்றிக்கொண்டு கெஞ்சுகிறேன். வேந்தே, ஒரே ஒரு வாசலை உயர்த்த உத்தரவு தாருங்கள். அதற்கு ஈடாக என் பதவியும் நிலமும் இந்த உடம்பும் தங்களுடையவை. வாய் பூட்டியவர்கள் மூன்று நாள் தாண்டியதில்லை. ஓட்டன் போய் வர எட்டு நாள்.

இதுவரை எழுதியது காலையில். மேலே உள்ள கடைசி வரியை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள், எட்டு நாள். யாரை ஏமாற்ற இந்த ஓலை? உத்தரவு வரும்போது அதைப் படித்துக்காட்ட இங்கே கட்டில்தான் மிஞ்சும். ஓலையில் கீறியதை அழிக்க முடியாது, ஆதலால் மேலே உள்ள விண்ணப்பம் இருந்தபடியே இருக்கட்டும். கீழே எழுதுவது விண்ணப்பம் அன்று.

நண்பகலுக்கு முன் கடப்பாரையுடன் மேலைத்தெருவுக்குப் போனேன். கல்தச்சர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கை போய்விடும் என்று பயந்து வந்திருக்கமாட்டார்கள்; அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். நோயாளிகளின் கட்டில்களை இரைச்சல் எட்டாத தூரம், அங்குலம் அங்குலமாக, நகர்த்தச் செய்தேன். உடைந்த படகின் பாய்மரம் ஒன்றை மேற்சுவருக்கு முட்டுக் கொடுத்தேன். பிறகு, கல்லை நெம்பியது நான் ஒருவனே என்று தெருவார் கேட்க மூன்று முறை உரக்கச் சொல்லிவிட்டு, இலச்சினைக்கு மேலே கடப்பாரையைச் செருகினேன்.

கல் அசைந்தது, ஆனால் ஒருவன் தாங்கும் கனம் அன்று அது. அப்போது சிலர் வந்து தோள் கொடுத்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. பெயர்களை எழுதமாட்டேன், நாளை அவையில் நிறுத்திக் கேட்டாலும் மறந்துபோயிற்று என்றே சொல்வேன். இலச்சினை சேதப்படாமல் வைக்கோல் மேல் இறக்கினோம். அதன்பின் பக்கத்து நிலைக்கல் எளிதாக நகர்ந்தது.

வெண்ணியை முதலில் கொண்டுபோகச் சொன்னேன். ஆம், கேட்டேன், கல்லை இறக்கியவன் நான் என்றும் சொல்லிக்காட்டினேன். சேந்தி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வந்த வரிசையில்தான் போக வேண்டும் என்றாள். உப்பளத்துப் பெண் ஒருத்தி, பிறகு இரண்டு வலைஞர்கள், பிறகு என் மனையாள். அவள் கட்டிலின் முன்காலைப் பிடிக்கப் போனேன். நான் குட்டை, என் பக்கம் தாழ்ந்து கட்டில் சாயும் என்று சேந்தி என்னை விலக்கி, என் இடத்தில் வேறொருவனை நிறுத்தினாள். மறுத்துப் பேச ஒன்றுமில்லை. பின்னால் நடந்தேன்.

தேவரீர் கவனிக்க வேண்டியது இது. கட்டிலை ஏந்தியவர்கள் நால்வரும் வாசலுக்கு வந்தபோது, மேலே கல் இல்லை, நிமிர்ந்தே போயிருக்கலாம். நால்வரும் தலையைத் தாழ்த்திக்கொண்டே நுழைந்தார்கள். முன்பு போன மூன்று கட்டில்களை ஏந்தியவர்களும் அப்படியே. யாரும் சொல்லவில்லை. கட்டில் மட்டும் துளியும் சாயாமல் போயிற்று. இத்தனை ஆண்டும் அந்தக் கல்தான் இவர்களைக் குனிய வைத்தது என்று நாம் எண்ணியிருந்தோம்.

வெண்ணி இப்போது உள்ளே இருக்கிறாள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, மூன்று நாள் கழித்துக் கேள் என்று விடை வந்தது. உப்பளத்துப் பெண் கஷாயத்தை விழுங்கிவிட்டாள்.

இனி ஓலையை முடிக்கும் முறைக்கு வருகிறேன். இவ்வோலை கொண்டுவரும் வண்டியில், பட்டில் சுற்றிய மேற்கல்லும் என் பதவி மோதிரமும் வருகின்றன. கீழே உள்ள முத்திரை அம்மோதிரத்தால் நான் கடைசியாக இட்டது. நெம்பிய கை என்னுடையது. அதை எடுத்துக்கொள்ள ஆள் வரும்போது, நான் குடியிருக்கும் எட்டாம் கல்வீட்டில் இருப்பேன், ஓடமாட்டேன். குடியிருப்பவளான சேந்திமேல் ஒரு சொல்லும் படலாகாது. அவள் முறைப்படி மூன்று தரம் கேட்டாள். தவறு முழுவதும் கேட்கப்பட்டவன் செய்தது.

முத்திரை கையை விட்டுப் போகுமுன், அதிகாரியாக இட்ட இறுதிக் கட்டளை ஒன்றும் உண்டு. மேலைத்தெருக் கடைசி வீட்டு வாசலை, உள்ளே ஒரு நோயாளி கிடக்கும் வரை, எவரும் மீண்டும் தாழ்த்தலாகாது. அது கூடாது என்று திருவுளமானால், வேந்தர் தாமே எழுந்தருளி, அந்த வாசல் வழியாக ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்த பின் தாழ்த்தட்டும். தங்கள் திருமுடி இடிக்காத உயரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

புயல் கழிந்த இருபதாம் நாள், வெயில் சாயும் நேரம், கரும்பாறைத்துறையிலிருந்து, நக்கன் காரி எழுத்து. துறை வாழ்க, கொடி வாழ்க, உள்ளே கிடக்கும் நால்வரும் வாழ்க.