சாமிக்குப் பழகிய கை

ஐயா,

நேற்று எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கோயிலுக்குப் பக்கத்தில் பையன்கள் மானாப்புல்லைக் கொளுத்தித் தப்பு மேளத்துக்குச் சூடு காட்டினார்கள். ஆட்டுத்தோல் சூடேறும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நீங்கள் சாம்பல் நிறக் கோட்டோடு என் எதிரே வந்து நின்றுவிட்டீர்கள். அதனால்தான் இன்று கடதாசியும் பேனையும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எழுத்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தோட்டத்து வாசிகசாலையில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். ‘ஐ’ மட்டும் வளைய மறுத்தது. உங்களுக்கு எழுதுவதென்றால் அந்த எழுத்தில்தானே தொடங்க வேண்டும்? விடாமல் பழகினேன். பாருங்கள், நன்றாகத்தான் வந்திருக்கிறது.

நாம் முதலில் சந்தித்த காலத்தில் நீங்கள் பதுளையில் பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பித்துக்கொண்டிருந்தீர்கள். கிழமைக்கு ஒரு நாள் பசறை பஸ்ஸில் ஏறி வந்து எங்கள் துரையின் மனைவிக்கும் சொல்லிக் கொடுப்பீர்கள். ஒரு முறை மழையில் பாதை உடைந்து பங்களாவிலேயே தங்கினீர்கள். விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எல்லாரையும் கூப்பிட நான் தப்படித்ததைக் கேட்டுவிட்டு, நாங்கள் குடியிருந்த லயத்துக்கே தேடி வந்தீர்கள். என்ன தப்பு நடந்ததோ என்று பயந்துபோனேன்.

“பயப்படாதையும். நீர் அடிச்சு நிப்பாட்டினதும் மலை முழுக்க ஒரு அமைதி வந்துது. எனக்கு அந்த அமைதி வேணும்” என்றீர்கள்.

“அதுக்கு நான் அடிக்காமலே இருந்துடலாமுங்களே” என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதுவரை மற்றவர்கள் பாட, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பியானோ வாசித்து வந்தீர்களாம். இப்போது நீங்களே ஓர் இசை எழுதி, வாத்தியக்காரர்களைச் சேர்த்து, முதல் தடவையாக அவர்கள் முன்னால் நின்று நடத்தப் போகிறீர்கள். என் தப்பு தொடங்கி வைக்க, வயலின்கள் சேர்ந்து பெருத்து, எல்லாம் ஒரே வெட்டில் நிற்க வேண்டும். அந்த மௌனத்தில் நீங்கள் பியானோ முன் உட்கார்ந்து ஒற்றைச் சுரம் தொடுவீர்கள். கேட்க வரும் கொழும்புப் பெரியவர்களுக்குப் பிடித்தால் மேலே படிக்கச் சீமைக்கு அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் திரும்பவும் ஓரத்துப் பியானோதான். இதையெல்லாம் ஒளிக்காமல் என்னிடம் சொன்னீர்கள்.

தோட்டத்தில் செய்தி பரவியது. பெரிய கங்காணி பெரட்டுக்களத்திலேயே கேட்டார்: “என்னடா, பியானோங்கிற கறுப்புப் பொட்டிக்குத் தப்படிக்கப் போறியாமே. பொணம் எங்கடா?”

ஒத்திகை பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வயலினுக்கு வாத்திமார், ட்ரம்பெட்டுக்குத் தபால் கந்தோர் கிளாக்கர், கிளாரினெட்டுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. நிறுத்த வேண்டிய இடத்தில் நீங்கள் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினீர்கள். எல்லாரும் நின்றார்கள். நான் மட்டும் இன்னும் வேகமாக அடித்தேன். மறுபடி தூக்கினீர்கள். மறுபடியும் அடித்தேன்.

அப்போதிக்கரிக்குப் பொறுக்கவில்லை. “மாஸ்டர், இந்தாள் சரிவராது. பொலிஸ் பாண்டிலை ஆரையும் கேப்பம்.”

நீங்கள் என்னிடம் வந்தீர்கள். “நான் கையைத் தூக்க, நீர் ஏன் கூட அடிக்கிறீர்?”

“சாமி வந்தவுங்க ரெண்டு கையையும் தூக்குனா உச்சம் ஏறுதுன்னு அர்த்தமுங்க. அப்ப நிறுத்தக் கூடாது. கை தானா அடிச்சிருதுங்க.”

“அப்ப எப்ப நிப்பாட்டுவீர்?”

“பூசாரி ரெண்டு கையையும் தரையப் பாத்து எறக்குவாருங்க. அதோட சரி.”

உங்கள் இரண்டு கைகளையும் தரையை நோக்கி ஒரு முறை இறக்கிப் பார்த்தீர்கள். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: “அவரின்ரை கை சாமிக்குப் பழகினது. என்ரை கை புத்தகத்துக்குப் பழகினது. புத்தகத்தை மாத்தலாம். இனி நான் கையை இறக்கினா எல்லாரும் நிப்பாட்டுங்கோ.”

“அடுத்த கிழமை வேப்பிலையும் தருவார்” என்றார் அப்போதிக்கரி. நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள்.

கச்சேரியன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அந்தப் பெரியவர்கள். தப்பும் வயலினும் ஏறி ஏறி உச்சத்துக்கு வந்தபோது, உங்கள் கைகள் பழைய பழக்கத்தில் மேலே கிளம்பின. என் கையும் வேகம் பிடித்துவிட்டது. பாதி தூக்கியபோதே என்னைப் பார்த்தீர்கள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தரையை நோக்கி மெல்ல இறக்கினீர்கள்.

எல்லாம் நின்றது. என் கையும் நின்றது.

அந்த நேரம் பார்த்து வெளியே பசறை பஸ் ஹோர்ன் அடித்தது. முன்வரிசையில் ஒருவரும் அசையவில்லை. நீங்கள் அவசரப்படவில்லை, அது ஓயும்வரை காத்திருந்தீர்கள். பிறகு உட்கார்ந்து அந்த ஒற்றைச் சுரத்தைத் தொட்டீர்கள். விடியலில் நான் தப்பை இறக்கி வைத்ததும் மலையில் முதலில் கேட்கும் குருவியின் குரல் போல இருந்தது.

அவர்கள் உங்களை அனுப்பினார்கள். அங்கே படித்து, பெரிய பெரிய குழுக்களை நடத்தினீர்கள் என்று துரையின் மனைவி சொல்லக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அறுபதாம் ஆண்டு பிறந்த பிறகு ஒரு முறை, உங்கள் குழுவோடு பதுளைக்கு வந்தீர்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். நீங்கள் கைகளை இறக்க, அத்தனை வாத்தியமும் ஒன்றாய் அடங்கியது. பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் எனக்கு விளக்கினார்: “மற்றவை கையை மேலை தூக்குவினம். இவர் இறக்குறார், பாத்தீரோ? அது சீமையிலை படிச்ச கை.”

“ஆமாங்க” என்றேன். அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

வெளியே வந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து கையைப் பிடித்தீர்கள்.

“ஐயா, பூசாரி மாதிரியே எறக்குனீங்க.”

“வேறை மாதிரி இறக்க எனக்குத் தெரியாதே” என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு இங்கே நிறைய மாறிவிட்டது. இப்போது பெரட்டுக்குச் சங்கு ஊதுகிறார்கள். அது ஓய்ந்ததும் ஒரு கணம் கேட்டுக்கொண்டிருப்பேன், பிறகுதான் தேத்தண்ணீர். இந்த வயதில் படித்த எழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது வசனம் முடிந்ததும் வைக்கும் புள்ளி. வகுப்பில் மற்றவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள், நான் மறப்பதில்லை. அந்த இடம் வந்ததும் என் கை தானாகக் கீழே இறங்குகிறது. அங்கே கொஞ்சம் நின்று, அந்த அமைதியைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறேன். அதனால்தான், ஐயா, இந்தக் கடதாசியை எழுதி முடிக்க இவ்வளவு நேரம்.