பதினொன்றேகால் பஸ்

உம்மா,

காலையில் உங்கள் கைப்பையை ஆணியிலிருந்து இறக்கினேன். இறக்க வேண்டும் என்று ஆசை ஒன்றும் இல்லை. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கப் போகிறவள் உங்கள் அடையாள அட்டையையும் கொண்டுபோக வேண்டுமாம், அது பைக்குள்தான் கிடக்கிறது. திறந்ததும் தேசிக்காயின் புளிப்பு மணம். கையை விட்டுத் துழாவினால் மூலையில் ஒரு தேசிக்காய், காய்ந்து கறுத்துப்போய். நகத்தால் கீறி மூக்கில் பிடித்தேன். இன்னும் மணக்கிறது. பஸ்ஸில் எனக்குக் குமட்டும் என்று நீங்கள் கொண்டு திரிந்தது. எனக்குக் குமட்டல் நின்று பதினைந்து வருடம் இருக்கும். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்.

அழுகை வரவில்லை. நாற்பதாம் நாள் கத்தமும் முடிந்துவிட்டது, இன்னும் வரவில்லை. வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறாள் என்று குசினிக்குள் கதைத்தது எனக்கும் கேட்டது. கல் என்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடைய கன்னமாக இருக்காது. அப்படித்தான் இருக்கிறேன். சமைக்கிறேன், தொழுகிறேன், மகளுக்குச் சட்டை அழுத்திக் கொடுக்கிறேன்.

உங்களோடு பஸ்ஸில் போவது ஒரு படையெடுப்பு. ஆலங்குடாச் சந்தியில் பஸ் நிற்கும் முன்பே உங்கள் ஒரு கால் படியில் இருக்கும். சாரதிக்குப் பின்னால் இருக்கிற சீட்தான் வேண்டும். அதில் ஆம்பிளை யாராவது இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டீர்கள், பக்கத்தில் போய் நின்று பார்ப்பீர்கள், அவராகவே எழும்பிவிடுவார். என்னை யன்னல் பக்கம் தள்ளிவிட்டு நீங்கள் வெளிப்பக்கம், நடுவில் பை. பாட்டுச் சத்தம் கூடினால் சாரதியிடம் சிங்களத்தில் ஒரு சொல். டிக்கட் எடுப்பது நீங்கள், இறங்குமிடம் சொல்வது நீங்கள், பெல் அடிப்பதும் நீங்கள். நான் உங்கள் முதுகைப் பார்த்து ஏறி, முதுகைப் பார்த்து இறங்கினேன். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதிய பலகை ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பதின்மூன்று வயதில்தான் உறைத்தது.

அந்த நாளைப் பற்றி நாம் பிறகு கதைத்ததே இல்லை. புத்தளம் டவுனில் எனக்குப் பள்ளிக்கூடம், பக்கத்துத் தெருத் தையல் கடையில் உங்களுக்குப் பொத்தான் தைக்கிற வேலை. காலையில் சேர்ந்து போவோம், பின்னேரம் சேர்ந்து வருவோம். அன்று உங்களுக்குக் காய்ச்சல், எனக்குப் பரீட்சை. போகும்போது பக்கத்து வீட்டாரோடு அனுப்பிவிட்டு, வரும்போது தனியாக வரச் சொன்னீர்கள். சொன்ன புத்திமதிகளில் ஒன்று வழமையானது.

"ஆரும் ஊர் எதெண்டு கேட்டா மன்னார் எண்டு சொல்லு. கேம்ப் எண்டு சொல்லிராத."

தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரை விட்டுத் துரத்தியபோது நான் உங்கள் இடுப்பில் மூன்று மாதக் குழந்தை. மன்னார் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஆலங்குடா முகாமில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் பெயர், வாப்பா பெயர், அதற்கு அடுத்தது அந்தப் பதில்தான். கேட்டவுடன் வாயிலிருந்து விழும்.

பஸ் நிலையத்தில் நான் முழித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிற பெரியவர் கிட்ட வந்தார். மகளுக்கு எந்த ஊர் என்று கேட்டார். மன்னார் என்றேன். போர் நிறுத்தக் காலம், மன்னாருக்கு பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. நல்ல மனுசன், வெளிக்கிட்டுக்கொண்டிருந்த பஸ்ஸைத் தட்டி நிறுத்தி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். முன்னால் ஒரு முதுகு இல்லாமல் நான் ஏறிய முதல் பஸ் அது. வீட்டு வழியில் வருகிற பாலாவி உப்பளம் வரவில்லை, களப்புக் காற்று வரவில்லை, காடு வந்தது. பிழையான பஸ் என்று தெரிந்தும் எனக்கு நாக்கு எழும்பவில்லை. கொண்டக்டர் டிக்கட்டுக்கு வந்து நின்றபோதுதான் அழுதேன். எதிரே வந்த ஒரு பஸ்ஸை மறித்து என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

நிலையத்தில் நீங்கள் நின்றீர்கள், காய்ச்சலோடு, காலில் சோடி மாறிய செருப்போடு. அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை.

"மன்னாருக்கு உன்ன நான்தான் கூட்டிட்டுப் போக இருந்தன்," என்றீர்கள். "நீ தனியப் போய் அங்க என்ன செய்வாய்?"

அதோடு சரி. அதற்குப் பிறகு என் கல்யாணம் வரை ஒரு பஸ்ஸிலும் நான் தனியாக ஏறவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் கூட வந்தார். அவர் கட்டாருக்குப் போன பிறகு மறுபடி நீங்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை உம்மா கூட்டிக்கொண்டு திரிகிறா என்று சனம் சிரித்தது. நீங்கள் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

போன வருடம் மகள் கேட்டாள், சனிக்கிழமை கணித வகுப்புக்குப் புத்தளத்துக்குத் தனியாகப் போகட்டுமா என்று. அவளுக்குப் பதினாலு. கூட்டாளிகள் எல்லோரும் தனியாகத்தான் போகிறார்கள். நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "நான் இருக்குமட்டும் அது நடக்காது" என்றீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள்.

நேற்று முன்தினம், சனிக்கிழமை, அவளை அனுப்பினேன். சந்தி வரைக்கும் கூடப் போகவில்லை. பலகையைப் பார்த்து ஏறு, ஊரைக் கேட்டாலும் இறங்குமிடத்தைச் சொல் என்றேன். "தெரியும் உம்மா" என்று சலித்துக்கொண்டு போனாள். வீட்டுக்குள் வந்து பயம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. இரண்டு மணிக்கு வந்து, சோற்றுக்கு என்ன கறி என்று கேட்டாள். உங்கள் தங்கச்சி, நம்முடைய சாச்சி, கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்றே ஏசினா. "ராத்தா மௌத்தாகி ரெண்டு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள புள்ளையக் கயிறவுத்து விட்டுட்டாய்." ஏன் அனுப்பினேன் என்பதை அவவுக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்த உங்களுக்குச் சுகம், இரண்டு நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள் என்று சொன்னபடியால், சாச்சியை உங்களோடு இருக்கவிட்டு, நீங்கள் மௌத்தாவதற்கு முதல் நாள் பின்னேரம் மகளோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு சாச்சி போன் எடுத்தா. "உம்மா ஒன்னத்தான் தேடுறா. கெதியா வா." தெரிந்த த்ரீவீல்காரர் போனைத் தூக்கவில்லை. சந்திக்கு ஓடினேன். பதினொன்றேகால் பஸ் வந்தது. புத்தளம், புத்தளம் என்று கூப்பிட்டுக்கொண்டே கொண்டக்டர் என்னைப் பார்த்தார். பலகையில் புத்தளம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது, மூன்றையும் வாசித்தேன். கால் எழும்பவில்லை உம்மா. வேறு ஒன்றுமில்லை. ஒரு கிழமையாக மகளோ சாச்சியோ முன்னால் ஏற, பின்னால் ஏறிப் போய் வந்த அதே பஸ். அது போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும் போனது. பள்ளிக்கூடம் விட்டு மகள் வரும்வரை அந்தச் சந்தியில் நின்றேன். அவள் ஏறினாள், பின்னால் நான் ஏறினேன். நாங்கள் வந்தபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள். பஸ் கிடைக்கவில்லை என்று சாச்சிக்குச் சொன்னேன். பாவம் நீ என்று என் தலையைத் தடவினா.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கொஞ்சம் சொல்கிறேன். என்னை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று இத்தனை வருடம் பிடித்துவைத்தீர்கள். கடைசியில் நீங்கள் கூப்பிட்டபோது உங்களிடமே என்னால் வர முடியவில்லை.

இன்று திங்கட்கிழமை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். முன்னே வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, வேண்டுமென்றே பதினொன்றேகால் பஸ்ஸுக்கு நின்றேன். ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்க ராத்தா என்று கொண்டக்டர் கேட்டார். புத்தளம் என்றேன், மிச்சக் காசைத் தந்துவிட்டுப் போனார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காற்றாலைகள் போயின, உப்பளம் வந்தது, பாலம் வந்தது. நிலையத்தில் இறங்கினேன். பத்திரம் எடுக்கிற கந்தோருக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வாசலில் நின்று நேரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டேகால்.

நீங்கள் மௌத்தானது பன்னிரண்டே முக்காலுக்கு.

முக்கால் ஆகும்வரை அந்த வாசலிலேயே நின்றேன். அரை மணித்தியாலம் என்பது நிறைய நேரம் உம்மா. தண்ணி பருக்கலாம், காலைத் தடவிவிடலாம், ஒரு யாசீனும் ஓதி முடிக்கலாம். இனி நான் எந்த பஸ்ஸில் ஏறினாலும் அந்த அரை மணித்தியாலம் கூடவேதான் வரப்போகிறது. என் மகளுக்கு இப்படி ஒன்று வந்து சேரக் கூடாது. வருகிற சனிக்கிழமையும் அவள் தனியாகத்தான் போவாள், நீங்கள் கோபித்தாலும் சரி.