சுவரில் நிற்கும் பொலிஸ்காரன்

என் அன்பு அப்பா,

நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சபை கூடுகிறது. எங்கள் மாதா கோவில் சுவரில் நீங்கள் கும்பிட்ட அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. சபையில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். நடுவில், நீங்கள் விட்டுப்போன கதிரையில் நான். நல்லாய் மாட்டிவிட்டுப் போனீர்கள்!

லினோலியத் தகட்டில் கத்தியால் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றிய கறுப்பு வெள்ளைப் படம். சிலுவை சுமக்கும் ஆபிரிக்க இயேசு, பக்கத்தில் தடியோடு காலனிப் பொலிஸ்காரன். ஊரைவிட்டு லண்டன் லூயிஷாமுக்கு வந்த முதல் வருசமே அதன் முன்னால் நின்று, "இவனை எனக்குத் தெரியும் பிள்ளை, எங்கடை ஊர் செக்பொயின்டிலை நிண்டவன்" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

படத்தின் கீழே ஒரே ஒரு பெயர், இப்போது சிம்பாப்வே என்கிற அந்தக்கால ரொடீசியாவில் மிஷன் நடத்திய வெள்ளைக்காரச் சுவாமியாருடையது. அவர்தான் செதுக்கினார் என்று நினைத்து, ஒவ்வொரு நவம்பரிலும் அவருடைய ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தீர்கள். "எங்கடை வலி விளங்கின மனுசன்" என்பீர்கள். அந்தப் படம் சுவரை விட்டுப் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நானும் ஓம் என்றேன்.

போன மாதம் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்திலிருந்து ருடோ என்றொரு அம்மா வந்தார், ஓய்வுபெற்ற நேர்ஸ். படத்தைக் கண்டதும் அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். அதைச் செதுக்கியவர் அவருடைய அப்பா தெண்டாய், அந்த மிஷனில் படித்தவர். லினோவும் மையும் சுவாமியார் கொடுத்தது. படங்கள் சுவாமியார் பெயரோடு வெளிநாட்டுக் கோவில்களுக்குப் போகுமாம். இந்த முதல் பிரதி லண்டனுக்கு வந்தபிறகு சுவாமியாருக்கு அரசாங்கப் பயம் பிடித்துவிட்டது. பொலிஸ்காரனை எடு என்றிருக்கிறார். தெண்டாய் மறுக்க, சுவாமியாரே கத்தியை வாங்கி லினோத் தகட்டிலிருந்து அவனை வழித்தெறிந்தார். செதுக்கி எறிந்ததைத் திரும்ப ஒட்டமுடியாது. அதற்குப் பிறகு ஒற்றிய ருடோ வீட்டுப் பிரதியில் இயேசுவுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. பொலிஸ்காரன் நிற்கும் எங்கள் பிரதியைத்தான் அவர் திருப்பிக் கேட்கிறார்.

உங்கள் நவம்பர்ப் பூசையைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ?

"சுவாமியாரின் பெயர் சொல்லியா செபித்தார்?" என்று கேட்டார்.

ஓமென்று தலையாட்டினேன். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிஷன் தந்த பரிசை எதற்குக் கொடுக்கவேண்டும் என்கிறார் பங்குச் சுவாமி. எங்கள் அம்மா என்னோடு கதைப்பதேயில்லை. கடைசியாகச் சொன்னது, "அப்பா போய் ஒரு வருசம் ஆகேல்லை, அவரின்ரை சொல்லை மிதிக்கப் போறியோ?" உங்கள்மேலும் கோபமாய் இருக்கிறது. யார் செதுக்கினது என்று ஒருதடவை கேட்டிருக்கக்கூடாதா?

நீங்கள் நன்றி சொன்னது அந்தப் பொலிஸ்காரனைச் செதுக்கிய கைக்குத்தானே? வழித்தெறிந்த கைக்கு இல்லையே? அப்படியென்றால் நாளைக்கு என் கை படத்தைக் கொடுப்பதற்குத்தான் உயரும். உங்களுக்குச் சொன்ன ஓமை மீறுகிறேன். கோபமென்றால் கோபியுங்கள்.

இந்த நவம்பரில் பூசைக்கு நான் கொடுக்கும் பெயர் தெண்டாய். அதற்கு அடுத்ததாக உங்கள் பெயரை வாசிக்கச் சொல்வேன். ருடோவையும் கூப்பிடுவேன். வருவாரோ தெரியாது. வராவிட்டாலும் வாசிப்பார்கள்.

உங்கள் கதிரையில் இருந்துகொண்டு உங்கள் சொல்லை மீறப்போகும்
மூத்த மகள்,
ரெஜினா