குளியலறைச் சுவரின் நாலாவது வரிசை

மார்ச் 3, திங்கள்

காலைத் தேநீர் சரியான சூடு. பேருந்தில் சன்னலோர இடம். இன்றைக்கு உருப்படியாக நடந்தது இவ்வளவுதான்.

குளியலறையில் புதிதாக ஒட்டிய ஓடு கோணல். நாலாவது வரிசை நடுவில் தொங்குகிறது. கொத்தனாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "வந்து பாக்குறேன் சார்" என்கிறார். என்றைக்கு வருவாரோ.

"நேராத்தானே இருக்கு?" என்கிறாள் என் மனைவி. முப்பத்தோரு வருடமாகக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன் நான். எனக்கே பாடம் எடுக்கிறாள்.

மார்ச் 8, சனி

பத்திரிகையை எதில் அச்சடிக்கிறார்களோ! நடுப்பத்தியில் மை அப்பிக் கிடக்கிறது. இவளோ ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுகிறாள். வேண்டுமென்றே.

மார்ச் 11, செவ்வாய்

சாயங்காலம் ரொட்டிக் கடையில் சுடச்சுட பன். பிய்த்துத் தின்றுகொண்டே நடந்தேன். என்ன சுகம்! எதிர்வீட்டுக்காரர் முன்னால் வந்து சிரித்திருக்கிறார், நான் பாட்டுக்குப் போய்விட்டேனாம். "கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணு தெரியலையா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். பன்னின் ருசியே போய்விட்டது.

மார்ச் 12, புதன்

சந்தேகம் எதற்கு? கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு எழுத்து அட்டையை வாசித்தேன். கடைசி வரி வரை கடகடவென்று வந்தது. ஒரு பிழை இல்லை. எதிர்வீட்டுக்காரர் வேலையைப் பார்க்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

கொத்தனார் ஒருவழியாக வந்தார். நாலாவது வரிசையை ஒட்டி நூல் பிடித்தார். ஒரு முனை அவர் கையில், மறுமுனை இவள் கையில்.

"நீங்களே பாருங்க சார். நூல் பொய் சொல்லுமா?"

நூலும் நடுவில் தொங்கியது. இழுத்துப் பிடித்த நூல் எப்படித் தொங்கும்?

"இன்னும் இழுங்க" என்றேன்.

"இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும் சார்."

இவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

மறுபடி அட்டை. பிழையில்லை. பிறகு எதற்கு இன்னொரு தடவையும் படித்தேன்?

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் இவள் சாப்பாட்டுப் பையோடு கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றாள். அட்டையைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதித் திருப்பி மாட்டினாள்.

"வலது கண்ணால மட்டும் படிங்க."

அட்டையின் ஓரம் தெரிந்தது. ஆணி தெரிந்தது. அவள் செருப்புகூடத் தெரிந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"தெரியல" என்றேன். அழுதுவிட்டாள். 'முசுடு' என்று எழுதியிருந்தாளாம், கோபம் வந்தால் என்னைக் கூப்பிடும் பெயர்.

முப்பத்தோரு வருடமாக அதே அட்டை. என்றைக்கு அதைக் கண்ணால் படித்தேன்? வாய்தான் படித்திருக்கிறது. மடையன்! "மனப்பாடம் பண்ணி ஏமாத்தாதீங்க" என்று எத்தனை பேரிடம் சிரித்திருக்கிறேன். ஐயோ, பயமாத்தான் இருக்கு. யார்கிட்ட சொல்ல?

மார்ச் 21, வெள்ளி

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "வலது கண்ணுல நடுப்பார்வை போனது போனதுதான். இடதுல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. மாசம் ஒரு ஊசி போட்டு நிறுத்தப் பாப்போம். இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு இவ்வளவு நாள் விட்டுட்டீங்களே சார்?"

ஊசி கண்ணிலா என்று கேட்டேன். கண்ணில்தான்.

திரும்பி வரும்போது இவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். படி வரும் இடத்தில் மட்டும் பிடியை இறுக்கினாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடையில் வேறு ஆள் உட்கார்கிறார். நான் வீட்டில்.

இனி ஞாயிறுதோறும் இவள்தான் எனக்குச் சோதனை வைப்பாளாம். புதுத் தாள், புது வார்த்தைகள், மனப்பாடத்துக்கு வழியில்லாமல். நாலு வரி. கடைசி வரியின் எழுத்து என் கட்டைவிரல் நகம் அளவு இருக்க வேண்டும் என்று அளவு கொடுத்தேன். அடுப்படி வாசலில் நாற்காலி, எதிர்ச்சுவரில் தாள். இடது கண்ணால் நாலு வரியும் படித்தேன். கடைசி வரி: 'துண்டை ஈரத்தோடு கட்டிலில் போடாதீங்க.' ஆகட்டும் மகராணி!

மே 4, ஞாயிறு

மூன்று வரி.

மே 13, செவ்வாய்

மாடியில் விரிசல் பூசக் கொத்தனார் வந்தார். அன்றைக்குக் கத்தியது தப்பு என்று சொன்னேன். "அட, விடுங்க சார்" என்றார். அவர் போனபிறகு நாலாவது வரிசையை விரலால் தடவிப் பார்த்தேன். கோடு நேராகத்தான் போகிறது.

மே 25, ஞாயிறு

இரண்டு வரி. அதற்குப் பிறகு இவள் தேநீரில் சர்க்கரை போடவே மறந்துவிட்டாள். நானும் சொல்லாமல் குடித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று நாலு வரியும் படித்தேன்! தட்டுத் தடுமாறித்தான், ஆனாலும் நாலு. "பாத்தீங்களா, ஊசி வேலை செய்யுது!" என்று கை தட்டினாள். அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனை மாதம்!

அவள் தேநீர் போடப் போனதும் எழுந்துபோய்க் கடைசி வரியின்மேல் கட்டைவிரலை வைத்தேன். நகத்தைத் தாண்டி, மேலும் கீழும் எழுத்து நீட்டிக்கொண்டிருந்தது.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தேநீர் கொண்டுவந்து, "நெசமாவே நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். நல்லாத் தெரிஞ்சுது என்றேன்.